சூர்

வெள்ளிக்கிழமை. ஆளுக்கு மூன்று ரியால்.
வாடகைக் காரின் பின்சீட்டில் ஒரு பெல்ட் மாட்டாது,
அந்த இடம் எனக்கு.
ருசைல் கேம்ப்பின் கேட்டைத் தாண்டியதும்
முன்சீட்டிலிருந்து திரும்பி ஆறுமுகநயினார் கேட்டான்:
"போற ஊரு பேரு சூரு. வேல் எடுத்தாச்சால்லா?"

செந்தூர்க்காரன்.
சூரனைக் கொன்ற கரையில்
கடலை விற்று டிப்ளமோ முடித்தவன்.
வண்டி ஓட்டிய உவைஸுக்குக் காயல்பட்டினம்.
தொபியாஸுக்கு மணப்பாடு.
மூவரும் ஒரே பஸ் ரூட்.
எனக்கு மட்டும் அரியலூர்.
எங்கள் பக்கம் கடல் வந்துபோய் ரொம்ப நாளாகிறது.
தோண்டினால் சிப்பி வரும், கல்லாக.
லாரியில் ஏற்றி சிமெண்ட் ஆலைக்கு அனுப்பிவிடுவோம்.

"கடலைப் பாக்க இருநூறு கிலோமீட்டராடே?"
முந்தின ராத்திரி சிரித்தார்கள்.
காலையில் எனக்கு முன்னால் குளித்திருந்தார்கள்.

குரியாத் தாண்டியதும்
வலப்பக்கம் மலை, வறுத்தெடுத்ததுபோல்.
இடப்பக்கம் திடீரென்று நீலம்.
அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பேச்செல்லாம் போன மாத ஓவர்டைம்.

தொழுகை முடிந்து
உவைஸ் தன் செருப்பைக் கண்டுபிடிப்பதற்குள்
ஊர் உறங்கப் போய்விட்டது.
கோட்டைக் கதவில் பூட்டு.
தெரு முழுக்க இறங்கிய ஷட்டர்.
தலச்சேரிக்காரர் கடையில் கடைசி நாலு பிரியாணி,
மூன்றில்தான் முட்டை.
சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்கு நகரம்
தன் ஏசிகளின் முதுகைக் காட்டி நின்றது.
சொட்டிய தண்ணீரை ஒரு பூனை
எங்களை மதிக்காமல் நக்கிக்கொண்டிருந்தது.

அய்ஜா சந்தில், பகல் இரண்டரைக்கு, சேவல் கூவியது.
"பாத்தியா, பாதி சூரன் இங்கதான் கெடக்கான்."
"மீதி?"
"மயிலு. அது லீவுல போயிருக்கு."

கலங்கரை விளக்கத்தின் வெள்ளையில் கண் கூசியது.
கூலிங்கிளாஸ் ஒன்றுதான், தொபியாஸுடையது.
கைமாற்றிக் கைமாற்றிப் படம் எடுத்து
நாலு வீட்டுக்கு அனுப்பினோம்.
நாலு படத்திலும் மூக்கு மட்டும் வேறு.

பிறகு கழிமுகத்தில் ஓதம் ஏறத் தொடங்கியது.
தொபியாஸ் குந்தி, விரலை நனைத்து, நாக்கில் வைத்தான்.
"ம்."
"என்ன ம்?"
"உப்பு கூட."
நயினாரும் தொட்டு நக்கினான். "கம்மிடே."
"ரெண்டு பேருக்கும் மெஸ் சாம்பார்ல நாக்கு செத்துப்போச்சு"
என்றான் உவைஸ்.
வாய்க்கால் வரப்புத் தகராறு போல
இருபது நிமிஷம் நடந்தது அது.
நானும் ஒரு விரல் வைத்துப் பார்த்தேன்.
உப்பாக இருந்தது.
அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒப்பிட எதுவும் இல்லை.

அப்புறம் யாரும் பேசவில்லை.
பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள்.
ஒருவன் பாலத்தைப் பார்த்து,
ஒருவன் திறந்த கடலைப் பார்த்து,
ஒருவன் தன் காலையே பார்த்து.
மூன்று போன், மூன்று பர்ஸ், ஒரு கூலிங்கிளாஸ்
என் மடியில்.

பழந்தமிழில் சூர் என்றால் அச்சம்,
தீண்டிப் பிடிக்கிற ஒன்று,
நீர்த்துறைகளில் நிற்கும் என்று
எப்போதோ பரீட்சைக்குப் படித்தது.
முழங்கால் வரை பிடித்துவைத்திருந்தது அவர்களை.
ஒன்பதரைக்குக் கேம்ப் கேட்டைச் சாத்துவார்கள்.
கூப்பிட வேண்டியவன் நான்.
கூப்பிடவில்லை.

திரும்பும்போது நான் ஓட்டினேன்.
பின்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்துத் தூங்கினார்கள்,
மாட்டாத பெல்ட்டை நயினார் கையில் பிடித்தபடி.
பக்கத்து சீட்டில் ஈரச் செருப்புகள்.
என் சட்டைப்பையில் ஒரு சிப்பி.
சிக்னலில் நகத்தால் கீறிப் பார்த்தேன்.
கல்லில்லை.

வண்டிக்காரன் மிதியடியைத் தூக்கித் தட்டினான்.
மணலுக்குத் தனியாக அரை ரியால் என்றான்.
கறிவேப்பிலைக்கும் பேரம் பேசுகிற நயினார்
ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தான்.